காட்டு வாயில் மூடும் நேரம் நாகர்கோவிலிலேயே தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மாவட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மூணாறு சென்று, இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மறையூர், சின்னாறு காட்டின் வழியே உடுமலைப்பேட்டைக்கு இறங்கி வீடு திரும்பும் பயணம் இன்று இளைஞர்களிடையே பெரிதும் விரும்பப்படுகிறது. தக்கலையில் இருசக்கர வாகன ஒர்க்ஷாப் நடத்தி வருபவன் என்ற முறையில், விடுமுறைக்கு முந்திய வாரங்களில் இப்பயணத்துக்காகவே சர்வீசுக்கு வரும் வண்டிகளைப் பார்க்கிறேன். கொண்டு வருபவர்களுடன் பேசவும் செய்கிறேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் பெட்ரோல், எந்த ஊரில் எந்தக் கடையில் சாப்பாடு என்பதெல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. எந்தச் சோதனைச் சாவடியை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும், பூங்கா எந்த மாதத்தில் மூடிக் கிடக்கும், காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தலாமா கூடாதா என்று கேட்டால் பதில் வருவதில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இத்தகவல்கள் காட்டின் வாயிலில் அறிவிப்புப் பலகையாக நிற்கின்றனவே தவிர, அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு இப்பால், பயணம் தீர்மானிக்கப்படும் நம் ஊருக்கு வந்து சேர்வதில்லை. அது பற்றியே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்லவும் ஒன்றைக் கேட்கவும் விரும்புகிறேன்.

மலைக்காட்டுப் பயணத்தைப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. இரவிகுளத்தின் சுற்றுலாப் பகுதியான ராஜமலையில் வரையாடுகளைப் பார்க்கக் காலை வேளையே உகந்தது; பொழுது ஏற ஏற மூடுபனியும் கூட்டமும் சேர்ந்துவிடுகின்றன; மாலை 4 மணியளவில் பார்வையாளர்களை உள்ளே விடுவதும் நின்றுவிடுகிறது. ஆகவே, முந்திய இரவை மூணாற்றில் கழித்தாக வேண்டும். மூணாற்றை வெளிச்சம் இருக்கும்போதே அடைவதற்கு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பிற்பகல் 2 மணிக்காவது ஏறத் தொடங்க வேண்டும். அதற்கு முன் போடிநாயக்கனூரில் மதிய உணவு முடிந்திருக்க வேண்டும். அப்படியானால், நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை 5 மணிக்குள் புறப்பட்டு, திருநெல்வேலி, சங்கரன்கோவில், இராஜபாளையம், உசிலம்பட்டி, தேனி என்று அதிகம் நிற்காமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். மார்த்தாண்டம், குழித்துறைப் பகுதியினர் திருவனந்தபுரம் சென்று எம்.சி. ரோடு என்னும் மெயின் சென்ட்ரல் சாலையைப் பிடித்து, கோதமங்கலம், அடிமாலி வழியாக ஏறுவதும் உண்டு; எந்த வழியானாலும் கணக்கு போடும் முறை ஒன்றுதான். மறுநாள் முற்பகலில் ராஜமலையை முடித்து, 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள மறையூரில் மதியம் சாப்பிட்டு, 2 மணியை ஒட்டிச் சின்னாறு காட்டுக்குள் நுழைந்தால், அவசரமில்லாமல் மாலைக்குள் உடுமலையை அடைந்துவிடலாம். அங்கிருந்து பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக நம் ஊர் 400 கிலோமீட்டரை ஒட்டி இருப்பதால், மூன்றாம் நாள் முழுவதும் வீடு திரும்பவே வேண்டியிருக்கும். இதை இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று புறப்படுபவர்கள்தாம் பெரும்பாலும் அந்தி மயங்கும் நேரத்தில் சின்னாற்று வாயிலில் போய் நிற்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் மோட்டார் சைக்கிளை அந்தச் சாலையில் விடுவதற்குக் காவலில் இருப்பவர்கள் தயங்குவார்கள், தயங்கத்தான் வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குழுவினர், தேநீர்க் கடைத் திண்ணையில் இரவைக் கழித்ததை வீரக்கதையாகச் சொல்லிச் சிரித்தார்கள். காட்டுச் சாலையில் குறுக்குவழி தேடாமல் திண்ணையில் படுத்தார்களே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்து, தேசியப் பூங்காவின் 'வழியாக' வண்டி ஓட்டுவது என்பதை நம்மவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளத்துக்குள் யாருடைய சொந்த வண்டியும் செல்ல முடியாது. மூணாறு–மறையூர் சாலையில் உள்ள வாயிலில் வண்டியை நிறுத்தி, சீட்டு வாங்கி, வனத்துறையின் பேருந்தில் ஏறித்தான் ராஜமலைக்குச் செல்ல வேண்டும். அங்கும் குறிப்பிட்ட பாதையில் நடக்கலாமே தவிர, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை நோக்கி மனம்போன போக்கில் ஏற முடியாது. சீட்டை இணையம் வழியாக முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. விடுமுறை நாளில் அதைச் செய்யாமல் போகிறவருக்கு வரிசையிலேயே முற்பகல் கழிந்துவிடும். வண்டியின் இருபுறமும் பைகளைக் கட்டிச் செல்பவர்கள், அவற்றை வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விலையுயர்ந்த பொருள்களைத் தங்கும் விடுதியிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

உண்மையில் மோட்டார் சைக்கிளோடு தேசியப் பூங்கா ஒன்றின் ஊடே செல்ல வேண்டுமென்றால், அதற்கு இரவிகுளத்தைவிட மிகச் சிறிய பூங்கா ஒன்று அருகில் இருக்கிறது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் கடந்து வட்டவடைக்குச் செல்லும் சாலை, 2003-இல் அறிவிக்கப்பட்ட பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்து செல்கிறது. பரப்பு 1.3 சதுர கிலோமீட்டர்தான். கேரளத்தின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது. ஆனால், பகலிலும் வெளிச்சம் குறைந்த சோலைக்காடு; காட்டெருமையும் யானையும் சாலையைக் கடக்கும் இடம். அங்கே நிற்காமல் போ என்பதே விதி. அழகான வளைவு ஒன்றைக் கண்டதும் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, கைப்பேசியை உயர்த்துபவர்களுக்கு இந்த விதி கசக்கிறது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கும்போது, பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு விலக்கு அளிக்கிறது. அதே ஏற்பாடு தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துகிறது. விலக்கு கடந்து செல்வதற்கு மட்டுமே. சாலையை விட்டு இறங்கி ஓடைக்கரையில் நடப்பதும், குரங்குக்குப் பிஸ்கட் போடுவதும், தண்ணீர்ப் புட்டியை வீசுவதும் அந்த விலக்கில் அடங்குவதில்லை. விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் அதே பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கிறது. சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும் என்பது என் கடைக்கு வரும் இளைஞர்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்பயணத்தில் நாம் கடப்பது இரண்டு மாநிலங்களின் காடுகளை. 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னாறு கேரள வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் தமிழகத்தின் ஆனைமலை புலிகள் காப்பகம். உடுமலையை நெருங்கும்போது வரும் ஒன்பதாறு சோதனைச் சாவடி நம் வனத்துறையுடையது. ஒரே சாலைக்கு இரண்டு அரசுகள், இரண்டு அறிவிப்புகள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, அதே போராட்டத்தில் கேட்கப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் நின்றுவிட்ட வரலாற்றை நம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவதுண்டு. அதனால்தான் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நமக்கு மொழிச் சிக்கல் எழுவதில்லை. வழி கேட்டால் திருநெல்வேலித் தமிழில் பதில் கிடைக்கிறது. ஆயினும், மூணாற்றில் எது எப்போது மூடப்படுகிறது என்னும் அறிவிப்பு திருவனந்தபுரத்துப் பதிப்புகளில் வருகிறதே ஒழிய, நாகர்கோவில் பதிப்புகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. இதை உங்களைக் குறை கூறும் நோக்கில் எழுதவில்லை. எந்த நாளிதழாயினும் நிலைமை இதுதான்.

விடுமுறைக் கணக்கில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மகா சிவராத்திரியன்று சிவாலய ஓட்டத்துக்காகவும், மாசிக் கடைசியில் மண்டைக்காட்டுக் கொடைக்காகவும் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. மற்ற மாவட்டத்தினர் வேலையில் இருக்கும் நாள், சாலையில் நெரிசல் இருக்காது என்று எண்ணி, அந்த விடுமுறையை அடுத்துவரும் சனி, ஞாயிறுடன் சேர்த்து மூணாறு பயணத்தை வைப்பவர்கள் பலர். ஆனால், பிப்ரவரியும் மார்ச்சும் வரையாடுகள் குட்டி ஈனும் காலம். ஆண்டுதோறும் அந்த மாதங்களில் இரவிகுளம் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. உலகில் எஞ்சியிருக்கும் வரையாடுகள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையா. அவற்றின் மிகப் பெரிய கூட்டம் வாழ்வது இந்தப் பூங்காவில்தான். நம் மாநில விலங்கும் அதுவே என்பதால், இந்த அடைப்பை எவரும் குறைகூற முடியாது. குறை என்னவென்றால், 350 கிலோமீட்டர் ஓட்டிப் போய் மூடிய வாயிலைப் பார்த்த பிறகுதான் அது தெரிய வருகிறது என்பதே. ஏமாற்றத்தோடு நிற்பவர்கள் சும்மா திரும்பிவிடுவதில்லை. 'வேறு எங்காவது போகலாம்' என்று ஜீப்புக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ காட்டும் ஏதோ ஒரு புல்வெளிப் பாதையில் ஏறிவிடுகிறார்கள். அதே மாதங்கள் காட்டுத்தீக்கும் உரியவை. 2018 மார்ச் 11 அன்று, போடிக்கு மேலேயுள்ள குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மாசி மாதத்தில்தான். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்க முடியாது. புல்வெளியில் நிறுத்திய வண்டியின் சூடேறிய சைலன்ஸரோ, மிதித்து அணைக்காத ஒரு சிகரெட்டோ தீயைத் தொடங்கப் போதுமானது. சிவராத்திரி விடுமுறையை மூணாற்றுக்குச் செலவிட நினைப்பவர்கள் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கான டிசம்பர் 3 விடுமுறையை எண்ணிப் பார்க்கலாம். அப்போது பூங்கா திறந்திருக்கும். காடு பசுமையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் மிச்சத்தை மட்டும் கவனிக்க வேண்டும். போடிமெட்டுப் பாதையில் பாறைகள் உருளுவது பெரும்பாலும் அந்த மழையில்தான்.

தென்மேற்குப் பருவமழையில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நம் ஊரில் ஆடிச்சாரல் இதமாக இருக்கிறதென்று நினைத்து மூணாற்று மழையை அளவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து, தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் உட்பட 70 பேர் மறைந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. தேவிகுளம் அருகிலுள்ள கேப் ரோட்டிலும் மழைக்காலத்தில் பலமுறை மண் சரிந்து போக்குவரத்து நின்றிருக்கிறது. மழைக்கோட்டு இருக்கிறது என்பது இங்கே ஒரு பதிலாகாது. டிசம்பர், ஜனவரியில் செல்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. மூணாற்றின் உயர்ந்த தோட்டங்களில் சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும். குளச்சலிலும் முட்டத்திலும் வளர்ந்து குளிரென்றால் மின்விசிறியை நிறுத்துவது என்று மட்டும் அறிந்த பிள்ளைகள், கையுறை இல்லாமல் காலை 6 மணிக்கு வண்டியை எடுத்து, விரல் மரத்து, கிளட்ச்சையும் பிரேக்கையும் உணராமல் ஓட்டுகிறார்கள். அன்று பிற்பகலே மழை மறைவுப் பகுதியான சின்னாற்றின் முட்காட்டில் வெயில் சுடும். ஒரே நாளில் இரண்டையும் தாங்கும்படி உடையை அடுக்கடுக்காக அணிவதே நல்லது.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பூப்பாறை, சின்னக்கானல் வட்டாரத்தில் சுற்றித் திரிந்து, கம்பம் ஊருக்குள் இறங்கி, 2023 ஜூனில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, மேல் கோதையாறு முத்துக்குழி வனத்தில் விடப்பட்ட அரிக்கொம்பனை நம் மாவட்டம் அறியும். பேச்சிப்பாறை வரை அப்போது எழுந்த அச்சத்தையும் அறியும். அந்த யானையின் பழைய வீடு, போடிமெட்டிலிருந்து மூணாறு செல்லும் இதே சாலையோரம்தான். அது போய்விட்டாலும் அதன் இனத்தார் அங்கேயே இருக்கிறார்கள். மூணாற்றுக்காரர்கள் படையப்பா என்று பெயரிட்டு அழைக்கும் கொம்பன் தேயிலைத் தோட்டச் சாலைகளில் பேருந்துகளையே நிறுத்தி வைத்திருக்கிறது. காரில் இருப்பவருக்குத் தகட்டு மறைப்பாவது உண்டு. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், விளக்கை அணைத்தணைத்து எரிய விடாமல், எஞ்சினை ஓட விட்டபடியே வண்டியைத் திருப்பிக்கொள்ளும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பேருந்தோ லாரியோ வந்தால் அதை முன்னே விட்டு, யானை விலகிய பிறகு அந்த வண்டியின் பின்னால் செல்ல வேண்டும். முன்னால் போன நண்பன் கடந்துவிட்டான் என்பதற்காக நாமும் கடக்க முயல்வது பெரும் ஆபத்து. கூட்டமாகச் செல்லும் வண்டிகளில், முதல் வண்டியின் சத்தத்தில் எரிச்சலுற்ற யானை மூன்றாவது வண்டியை விரட்டக்கூடும். இரவில் காட்டுச் சாலையை மூடுவதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. முதுமலையை அடுத்த பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டிருப்பது, காட்டு விலங்குகள் வண்டிகளில் அடிபடாமல் காக்க.

இதன் தொடர்ச்சியாக என் தொழில் சார்ந்த ஒரு செய்தி. மலைப் பயணத்துக்கு முன் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வெடிச்சத்தம் தரும் குழாயைப் பொருத்தச் சொல்லிக் கேட்கிறார்கள். தயாரிப்பாளர் அளித்த அமைப்பை அப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி வைக்க அது ஒன்றே காரணமாகலாம். நான் மறுத்தால், வேறு கடைக்குப் போகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் கேட்காத வேலைகளே உண்மையில் முக்கியமானவை. கடற்கரை மாவட்டமான நம் ஊரின் உப்புக்காற்று, கிளட்ச் கேபிளையும் செயினையும் உள்ளிருந்தே அரித்திருக்கும். சமவெளியில் நாள்தோறும் வேலைக்குப் போய்வர ஓடும் வண்டியில் அது தெரியாது, 17 வளைவுகளில் நொடிக்கு நொடி கியர் மாற்றும்போது கேபிள் அறுந்து தெரிவிக்கும். டிஸ்க் பிரேக்கில் உள்ள எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. பழைய எண்ணெயோடு நெடுநேரம் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால், சூட்டில் அது கொதித்துக் குமிழி உண்டாகி, லிவர் கைக்குள் அமுங்கிப் போகும், வண்டி நிற்காது. ஆகவே, புறப்படும் முன் பிரேக் எண்ணெயை மாற்றி, பேடுகளையும் பின்சக்கர ஷூவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் எஞ்சினின் இழுப்பைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கை விட்டுவிட்டுத் தொட வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கம் கீரிப்பாறைச் சரிவில் பழகியவர்களிடம் இருக்கிறது. மறையூருக்கு இறங்கும் நீண்ட சரிவில் அது உயிருக்கு உலை வைக்கும்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் 1,500 மீட்டருக்கு மேல் இழுவை குறைந்து கரும்புகை தள்ளும். அது பழுதன்று, கீழே இறங்கினால் சரியாகிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் வாகனப் புகை மாசு விதி வந்தபின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உடையவை என்பதால், அவை தாமாகவே சரிசெய்துகொள்ளும். டியூப்லெஸ் டயராக இருந்தால் பஞ்சர் கிட்டும் சிறு காற்றடிப்பானும் போதும். டியூப் டயர் உள்ளவர்கள் மாற்று டியூப் இல்லாமல் காட்டுக்குள் நுழையக் கூடாது, ஏனெனில் இடையில் பஞ்சர் கடையும் கிடையாது, பெட்ரோல் பங்கும் கிடையாது, பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞையும் கிடையாது. இருவர் செல்லும் வண்டியில் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதைக் கூறத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கூற வேண்டியிருக்கிறது.

கைப்பேசி வரைபடத்தை நம்பித் திட்டமிடுவதில் இன்னொரு கேடு உண்டு. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு பழைய மலைப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு தொடர்புபடுத்தி 'எஸ்கேப் ரோடு' என்று அழைக்கப்படும் அப்பாதை பல்லாண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுக் கிடக்கிறது. கோடு மட்டும் வரைபடத்தில் தெரிவதால், ஒரே மூச்சில் இரண்டு மலைகளையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுபவர்களை இன்னும் காண்கிறேன். கொடைக்கானலைச் சேர்க்க விரும்பினால் கீழே இறங்கிச் சுற்றித்தான் ஏற வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் அங்கும் நீலகிரிக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால், அதையும் வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த இ-பாஸ் முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மலையடிவாரத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளும்படி அது செய்துவிட்டது.

எனவே, தங்களிடம் நான் கேட்பது இதுதான். அக்டோபர் முதல் மே வரையிலான பயணக் காலத்தில், தங்கள் நாகர்கோவில் பதிப்பில் வாரம் ஒரு முறை, கையகல இடத்தில் மலைச் சாலை நிலவரத்தை வெளியிட வேண்டுகிறேன். கடலுக்குப் போகும் மீனவர்களுக்குக் காற்றின் நிலையைத் தாங்கள் வெளியிடுவதைப் போலவே இதுவும் அமையலாம். சின்னாறு, ஒன்பதாறு சாவடிகளை இருசக்கர வாகனங்கள் கடக்கக்கூடிய நேரம், இரவிகுளம் திறந்திருக்கிறதா என்பது, கேப் ரோடு, போடிமெட்டுப் பாதைகளில் மண்சரிவு ஏதும் உண்டா என்பது, தீ அபாயம் கருதி மூடப்பட்ட பகுதிகள் ஆகிய இவ்வளவு இருந்தால் போதும். நேரங்கள் பருவத்துக்கும் விலங்குகளின் நடமாட்டத்துக்கும் ஏற்ப மாறுவதால், ஒரு முறை அச்சிட்டு நிறுத்திவிடுவதில் பயனில்லை. இரு மாநில வனத்துறையினரும் வரையாடு ஈனும் கால அடைப்பின் தேதிகளை டிசம்பரிலேயே அறிவித்து, அவற்றைப் போடிக்கு அப்பால் முந்தல் அடிவாரத்திலும் உடுமலையிலும் தமிழில் பெரிய எழுத்தில் வைக்கவும், விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணை அதே பலகையில் எழுதவும் முன்வந்தால் நன்று. நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகமும் சுற்றுலா அலுவலகமும் அத்தகவலைக் கேட்டுப் பெற்றுத் தங்கள் வாயிலில் ஒட்டுவதற்குச் செலவு ஏதும் ஆகப்போவதில்லை. தாங்கள் வெளியிடத் தொடங்கினால், அந்தப் பக்கத்தை வாரந்தோறும் வெட்டி என் ஒர்க்ஷாப் சுவரில் ஒட்டிவைக்கிறேன். மாவட்டத்திலுள்ள மற்றப் பணிமனையினரும் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

அப்படி வெளியிடுவதாயின், வெள்ளிக்கிழமைக்கு முன்பே வர வேண்டும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை இதழில் வந்தால், அதைப் படிக்க வேண்டியவர்களின் வண்டிகள் ஆரல்வாய்மொழியைத் தாண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.